திரும்பி வரும் இரத்தம் கல்லீரலைத் தாக்குவது ஏன்? ஆன்டிஆக்சிடன்ட் காப்பு எங்கே பலிக்கிறது, எங்கே பலிப்பதில்லை

கல்லீரலுக்குப் போகும் இரத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோனால் அதன் செல்கள் பாதிக்கப்படும். இது எல்லோருக்கும் எளிதில் புரிகிறது. குழப்பம் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. இரத்தத்தைத் திறந்துவிட்ட பிறகு, ஆக்சிஜன் வந்து சேர்ந்த பிறகு, பாதிப்பு இன்னும் கூடுகிறது. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லைத் தாக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மருந்து ஒன்றைக் கொடுத்துத் தடுத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியோடுதான் மல்லாடுகின்றன. எலியிடம் பலித்த பல பொருள்கள் மனிதரிடம் கைவிட்டுவிட்டன. காரணம் பெரும்பாலும் மருந்தின் வீரியக் குறைவு இல்லை. அது செல்லின் எந்த அறையில், எந்த நிமிடத்தில் இருந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரத்தம் எப்போது நிற்கிறது

கல்லீரலுக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறது. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கைக் கொண்டுவருகிறது. கல்லீரல் தமனி மீதிக் கால் பங்கைத் தருகிறது. ஆனால் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு அதிகம் என்பதால், ஆக்சிஜன் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் கால் பங்கை வாங்கிக்கொள்கிறது.

இந்த ஓட்டம் மூன்று சூழல்களில் தடைபடுகிறது.

1. கல்லீரலில் கட்டியை வெட்டி எடுக்கும்போது. இரத்தப்போக்கைக் குறைக்க, இரண்டு குழாய்களும் சேர்ந்து நுழையும் தண்டை அறுவை மருத்துவர் கிளாம்ப் போட்டு இறுக்குவார். 1908-ல் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் விவரித்த முறை இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. உடல் சூட்டிலேயே நடப்பதால் இது ‘சூடான’ தடை.
2. உறுப்பு மாற்று சிகிச்சையில். கொடையாளரிடமிருந்து எடுத்த கல்லீரலைக் கரைசலால் கழுவி, பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து எடுத்துச்செல்கிறார்கள். இது ‘குளிர்’ தடை. புதிய உடலில் வைத்துத் தைக்கும் நேரத்தில் உறுப்பு மெல்லச் சூடேறுவதால் அங்கே சூடான தடையும் சேர்ந்துகொள்கிறது.
3. இதயம் செயலிழப்பது, கடும் இரத்தப்போக்கு, கிருமித் தொற்றால் வரும் அதிர்ச்சி நிலை ஆகியவற்றில். இங்கே குழாய் அடைபடுவதில்லை. அழுத்தம் விழுந்து ஓட்டம் வற்றிப்போகிறது.

சூடும் குளிரும் ஒரே செல்லைத் தாக்குவதில்லை. சூடான தடையில் முதலில் அடிபடுவது கல்லீரலின் வேலைக்காரச் செல்களான ஹெபடோசைட்டுகள். குளிர்த் தடையில் நுண்குழாய்களின் உட்பூச்சாக இருக்கும் எண்டோதீலியச் செல்கள் முதலில் உரிகின்றன. ஒரு நிலையில் பலித்த மருந்து மற்றதில் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இது முதல் காரணம்.

நின்றிருக்கும் நேரத்தில் செல்லுக்குள் சேரும் கடன்

ஆக்சிஜன் இல்லாவிட்டால், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவால் ஏடிபி தயாரிக்க முடியாது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சில நிமிடங்களில் சரிகிறது. அடுத்தடுத்து நடப்பவை இவை.

1. சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் நின்றுபோகிறது. சோடியம் உள்ளே தங்குகிறது, தண்ணீரும் பின்தொடர்கிறது, செல் ஊதுகிறது. ஊதிய செல்கள் அருகிலுள்ள நுண்குழாய்களை நெரிக்கின்றன.
2. ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைப்பதால் லாக்டிக் அமிலம் சேர்ந்து செல் புளிப்பேறுகிறது.
3. ஏடிபி படிப்படியாக உடைந்து ஹைப்போசாந்தீன் என்ற பொருளாகத் தேங்குகிறது.
4. மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் குவிகிறது. 2014-ல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்று கல்லீரல், இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றை ஒப்பிட்டபோது, தடைக்குள்ளான எல்லாத் திசுக்களிலும் பொதுவாகக் குவிந்த பொருளாக இதைக் காட்டியது.

இரண்டாவது புள்ளியில் வரும் அமிலத்தன்மை கெட்டது போலத் தோன்றும். உண்மையில் தடை நேரத்தில் அது செல்லைக் காக்கிறது. செல்லைச் செரிக்கும் பல நொதிகள் புளிப்பில் உறங்கிக்கிடக்கின்றன. இரத்தம் திரும்பி அமிலநிலை சட்டென்று இயல்புக்கு வந்ததும் அந்தத் தடுப்பு விலகிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் பெரிய துளைகள் திறப்பது அந்த நேரத்தில்தான்.

இரத்தம் திரும்பியதும்: மூன்று அலைகள்

வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் (ராடிக்கல்கள் இவற்றில் ஒரு வகை) ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில் வருவதில்லை. இந்த நேர அட்டவணைதான் கட்டுரையின் மையம்.

1. முதல் சில நிமிடங்கள், மைட்டோகாண்ட்ரியா. குவிந்துகிடந்த சக்சினேட், ஆக்சிஜன் வந்ததும் வேகமாக எரிகிறது. எலக்ட்ரான்கள் வழக்கமான திசைக்கு எதிராக, மைட்டோகாண்ட்ரியாவின் முதல் நொதித்தொகுதிக்குள் பின்னோக்கித் தள்ளப்படுகின்றன. அங்கே அவை ஆக்சிஜனோடு ஒட்டி சூப்பராக்சைடு உருவாகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. கட்டவிழ்ந்த இரும்பு அருகில் இருந்தால் அது ஹைட்ராக்சில் ராடிக்கலாக மாறுகிறது. ஹைட்ராக்சில் ராடிக்கல் தான் தொட்ட முதல் மூலக்கூறையே தாக்கும். அது உருவான பிறகு பிடிக்க நேரம் கிடையாது.
2. முதல் சில மணி நேரங்கள், குப்ஃபர் செல்கள். கல்லீரலின் நுண்குழாய்களில் குடியிருக்கும் இந்தக் காவல் செல்கள், உடல் திசுக்களில் நிலையாக இருக்கும் மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளையும் சிதைவுகளையும் விழுங்கும் செல்கள்) 80 முதல் 90 சதவீதம். சிதைந்த செல்களின் துணுக்குகளைக் கண்டதும் இவை விழித்து, செல்லுக்கு வெளியே சூப்பராக்சைடையும் டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிச் சமிக்ஞைகளையும் கொட்டுகின்றன.
3. சுமார் 6 மணி நேரத்துக்குப் பிறகு, நியூட்ரோஃபில்கள். அந்தச் சமிக்ஞைகளைப் பின்பற்றி வரும் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரைத் தாண்டிப் புகுந்து தாக்குகின்றன. இந்தக் கட்டம் ஒரு நாளுக்கும் மேல் நீடிக்கும்.

பாடநூல்களில் முதலிடம் பெறும் சாந்தீன் ஆக்சிடேஸ் நொதியை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் குடலில் நடந்த ஆய்வுகளிலிருந்து அந்தக் கருத்து பிறந்தது: ஹைப்போசாந்தீனை எரிக்கும்போது இந்த நொதி சூப்பராக்சைடைக் கக்குகிறது. ஆனால் தீங்கற்ற வடிவத்திலிருந்து தீங்கான வடிவத்துக்கு அந்த நொதி மாறுவது கல்லீரலில் மெதுவாகவே நடக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கிளாம்பில் அதன் பங்கு சிறியது. அலோபியூரினால் கொடுத்து அந்த நொதியை அடைத்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போனதை இது விளக்குகிறது.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. நுண்குழாய்களை விரித்துவைக்கும் நைட்ரிக் ஆக்சைடு, சூப்பராக்சைடைச் சந்தித்த கணமே பெராக்சிநைட்ரைட்டாக மாறிவிடுகிறது. விரிக்கும் பொருள் போய் நச்சு மிஞ்சுகிறது. பெரிய குழாய் திறந்திருந்தும் உள்ளே இரத்தம் ஏறாத திட்டுகள் கல்லீரலில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லீரலின் சொந்தக் காவல்

கல்லீரல் வெறுங்கையோடு நிற்கவில்லை. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்குகிறது. 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் இதை அடையாளம் கண்டார்கள். செம்பும் துத்தநாகமும் கொண்ட வகை செல் திரவத்திலும், மாங்கனீசு கொண்ட வகை மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்கிறது. பிறகு பெராக்சைடைத் தண்ணீராக்க இரண்டு வழிகள்: செல்லுக்குள் இருக்கும் சிறு பைகளான பெராக்சிசோம்களில் உள்ள கேட்டலேஸ் நொதி, மற்றும் குளூட்டாதயோனைச் செலவழித்து வேலை செய்யும் பெராக்சிடேஸ். சவ்வுகளில் வைட்டமின் இ நின்று, கொழுப்பு சங்கிலித்தொடராக எரிவதை அறுக்கிறது.

இவற்றில் குளூட்டாதயோனைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு மூலக்கூறு அது. கல்லீரல் செல்லுக்குள் அதன் செறிவு லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிமோல். இரத்தப் பிளாஸ்மாவில் சில மைக்ரோமோல்கள்தான். ஆயிரம் மடங்கு வேறுபாடு. மைட்டோகாண்ட்ரியா அதைத் தானாகத் தயாரிக்காது. செல் திரவத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. செல்லின் மொத்தக் கையிருப்பில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்கும். தயாரிப்புக்கு இரண்டு படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஏடிபி செலவாகும். தட்டுப்பாடு பெரும்பாலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில்தான் வரும்.

இரத்தம் நின்றிருக்கும்போது ஏடிபி இல்லை. ஆகவே குளூட்டாதயோன் தயாரிப்பும் இல்லை. திறந்த முதல் நிமிடங்களில் அலை அடிக்கும்போது செல்லிடம் இருப்பது, கிளாம்ப் போடும் முன் கையில் இருந்த இருப்பு மட்டும். அதன் பிறகு கொடுக்கும் மூலப்பொருள் முதல் அலைக்கு உதவாது.

நீண்ட காலக் காவலுக்கு என்ஆர்எஃப்2 என்ற புரதம் பொறுப்பு. ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடினால் அது செல் உட்கருவுக்குள் போய், குளூட்டாதயோன் தயாரிக்கும் நொதிகளையும் ஹீம் ஆக்சிஜனேஸ்-1 போன்றவற்றையும் இயக்கிவிடுகிறது. இதற்குச் சில மணி நேரமாவது வேண்டும். லேசான அழுத்தம்தான் இந்தக் காவலை எழுப்புகிறது என்பதால், எல்லா ராடிக்கல்களையும் துடைத்தெடுப்பது எப்போதும் நல்லதாக இருக்காது.

வெளியிலிருந்து கொடுத்தவை: எது, ஏன் சறுக்கியது

டிஸ்மியூட்டேஸ் நொதியை ஊசியாகக் கொடுத்தால்? அது பெரிய புரதம், செல்லுக்குள் நுழையாது. சிறுநீரகம் அதைச் சில நிமிடங்களில் இரத்தத்திலிருந்து வடிகட்டிவிடும். மைட்டோகாண்ட்ரியாவில் எழும் முதல் அலையை அது தொடவே முடியாது.

வைட்டமின் இ சவ்வுகளில் போய் அமர நாட்கள் வேண்டும். அவசர அறுவைக்கு முன்தினம் கொடுத்துப் பயனில்லை. வைட்டமின் சி, கட்டவிழ்ந்த இரும்பு இருக்கும் இடத்தில் அந்த இரும்பைப் புதுப்பித்து ஹைட்ராக்சில் ராடிக்கல் உருவாக உதவவும் கூடும். குளூட்டாதயோனையே வாயால் கொடுத்தால் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துவிடும். சிரை வழியாகக் கொடுத்தாலும் முழு மூலக்கூறாகச் செல்லுக்குள் போகாது. ஆனால் செல்லுக்கு வெளியே குப்ஃபர் செல்கள் கக்குவதை அணைக்க அது உதவும் என்று விலங்கு ஆய்வுகள் காட்டின. இரண்டாம் அலைக்கு அது சரியான இடம், சரியான நேரம்.

மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டது என்-அசிடைல் சிஸ்டீன். செல்லுக்குத் தேவையான சிஸ்டீனை இது கொண்டுசேர்க்கிறது. பாராசிட்டமால் நச்சில் இதன் பலன் ஐயத்துக்கு இடமில்லாதது: உடல் எடையில் கிலோவுக்கு முதலில் 150 மி.கி., அடுத்த 4 மணி நேரத்தில் 50 மி.கி., அடுத்த 16 மணி நேரத்தில் 100 மி.கி., மொத்தம் 300 மி.கி. என்பது சிரை வழி கொடுக்கும் பழைய நிலையான அட்டவணை. அங்கே குளூட்டாதயோன் வற்றுவதே நோயின் வேர். செல்லில் ஏடிபியும் ஓரளவு இருக்கிறது. இரத்த ஓட்டத் தடையில் நிலைமை வேறு.

இங்கே நேரம் பற்றிய பாடம் தெளிவாகத் தெரிகிறது. இத்தாலியில் நடந்து 2013-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கல்லீரலைப் பெறுபவருக்கு இல்லாமல் கொடையாளருக்கே மருந்து கொடுத்தார்கள்: உறுப்பு எடுக்கத் தொடங்கும் ஒரு மணி நேரம் முன் கிலோவுக்கு 30 மி.கி., கிளாம்ப் போடும் முன் போர்ட்டல் சிரைக்குள் 300 மி.கி. ஓராண்டு முடிவில் மருந்து பெற்ற கல்லீரல்களில் 90 சதவீதம் இயங்கின. பெறாதவற்றில் 70 சதவீதம். ஓர் ஆய்வின் முடிவு அது. அதை வைத்து மட்டும் வழக்கத்தை மாற்ற முடியாது. பெறுபவருக்கு அறுவையின்போது கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இப்படிப்பட்ட தெளிவான பலன் வரவில்லை. ஏடிபி இருக்கும்போதே மூலப்பொருள் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு என்பது இந்தக் கட்டுரையின் வாசிப்பு. இந்த மருந்தை வேகமாக ஏற்றினால் தோல் சிவத்தல், மூச்சிறுக்கம், இரத்த அழுத்தம் விழுதல் ஆகியவை வரலாம். ஆகவே முதல் அளவை மெதுவாகக் கொடுக்க வேண்டும்.

பனிப்பெட்டியில் இருக்கும் கரைசல்

4 டிகிரியில் செல்லின் வேலை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும், ஆனால் நிற்காது. அந்த நேரத்தைக் கடக்க 1980-களில் உருவானது விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கரைசல். ஒரு லிட்டரில் லாக்டோபயோனேட் 100 மில்லிமோல், ராஃபினோஸ் 30 மில்லிமோல் ஆகியவை செல் ஊதாமல் பிடிக்கின்றன. அடினோசின் 5 மில்லிமோல் ஏடிபிக்கான மூலப்பொருள். குளூட்டாதயோன் 3 மில்லிமோல், அலோபியூரினால் 1 மில்லிமோல் ஆகிய இரண்டும் ஆன்டிஆக்சிடன்ட் பங்குக்காகச் சேர்ந்தவை.

இதில் இரண்டு நடைமுறைச் சிக்கல்கள். முதலாவது, கரைசல் அலமாரியில் இருக்கும்போதே குளூட்டாதயோன் மெல்ல ஆக்சிஜனேற்றமடைந்து பயனற்ற வடிவமாகிவிடுகிறது. பழைய பையில் பெயர்ப்பட்டி சொல்லும் 3 மில்லிமோல் உண்மையில் இருக்காது. இரண்டாவது, இந்தக் கரைசலில் லிட்டருக்கு சுமார் 125 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. அதைக் கழுவி வெளியேற்றாமல் கிளாம்பைத் திறந்தால் பொட்டாசியம் நேராக இதயத்துக்குப் போய் அதை நிறுத்திவிடலாம். திறந்த முதல் 5 நிமிடங்களில் சராசரி இரத்த அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் விழுந்து ஒரு நிமிடமாவது நீடித்தால், அதை மீள்பாய்வுக் கோளாறு என்று மயக்க மருத்துவர்கள் குறிக்கிறார்கள்.

அலையைத் துடைப்பதற்குப் பதில் எழாமல் தடுப்பது

மனிதரிடம் நிலையாகப் பலித்தவை பெரும்பாலும் மருந்துகளாக இல்லை. அவை இரத்த ஓட்டத்தைக் கையாளும் முறைகள்.

1. விட்டு விட்டு இறுக்குவது. 15 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் திறப்பது பரவலான வழக்கம். இப்படிச் செய்தால் நல்ல நிலையில் உள்ள கல்லீரல் மொத்தம் 120 நிமிடம் வரை தாங்கும். தொடர்ச்சியாக இறுக்கினால் 60 நிமிடம், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) இருந்தால் 30 நிமிடம் என்பது பொதுவான எல்லை. ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் இரத்தம் போகும், அதுதான் விலை.
2. முன்கூட்டிப் பழக்குவது. நீண்ட தடைக்கு முன் 10 நிமிடம் இறுக்கி 10 நிமிடம் திறந்துவிட்டால் செல் தன் காவலை எழுப்பிக்கொள்கிறது. 1986-ல் நாயின் இதயத்தில் முதலில் கண்ட விளைவு இது. கல்லீரலில் இதைச் செய்தால், பாதிப்பைக் காட்டும் இரத்த நொதி அளவுகள் குறைகின்றன. உயிர்பிழைப்பில் தெளிவான வேறுபாடு நிறுவப்படவில்லை.
3. குளிரிலேயே ஆக்சிஜன் ஊட்டுவது. உறுப்பைப் பெறுபவருக்குள் வைக்கும் முன், 10 முதல் 12 டிகிரி வெப்பநிலையில், ஆக்சிஜன் நிறைந்த கரைசலை இயந்திரத்தின் வழியே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறார்கள்.

மூன்றாவது முறை சிந்தனைக்கு மிகவும் உரியது. ஆக்சிஜன்தான் காயத்துக்குக் காரணம் என்று இத்தனை நேரம் பார்த்தோம். இங்கே மருந்தே ஆக்சிஜன். குளிரில் மைட்டோகாண்ட்ரியா மெதுவாக ஓடுவதால் சக்சினேட் நிதானமாக எரிந்து தீர்கிறது, ஏடிபி மீண்டும் நிரம்புகிறது, எலக்ட்ரான்கள் பின்னோக்கிப் பாய்வதில்லை. பிறகு சூடான இரத்தம் வரும்போது வெடிக்க எரிபொருள் மிச்சமில்லை. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கரைசலில் கசியும் ஃப்ளேவின் மோனோநியூக்ளியோடைடு என்ற மூலக்கூறை ஒளிர்வின் மூலம் அளந்து, மைட்டோகாண்ட்ரியா எந்த அளவுக்குச் சிதைந்திருக்கிறது என்று உறுப்பை வைக்கும் முன்பே மதிப்பிடவும் முடிகிறது.

இதயம் நின்றபின் கொடுக்கப்பட்ட கல்லீரல்களில் இந்த முறையைச் சோதித்த 156 பேர் கொண்ட ஐரோப்பிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பித்தநாளச் சுருக்கம் வழக்கமான பனிப்பெட்டிக் குழுவில் 18 சதவீதம். இயந்திரக் குழுவில் 6 சதவீதம்.

கொழுப்பேறிய கல்லீரலுக்கு ஏன் தனிக் கவனம்

கொழுப்புத் துளிகளால் பருத்த செல்கள் நுண்குழாய்களை ஏற்கெனவே நெரித்துவைத்திருக்கின்றன. ராடிக்கல்களுக்கு எரிய எளிதான கொழுப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பெரிய துளிக் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. 60 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தக் கல்லீரலை மாற்று சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஏற்பதில்லை. திட்டமிட்ட அறுவைக்கு முன், மருத்துவர் கண்காணிப்பில் கலோரி குறைத்த உணவு இந்தக் கொழுப்பைக் குறைக்கிறது. அதைப் பட்டினி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எலிகளில் ஓரிரு நாள் முழுப் பட்டினி, கல்லீரலின் குளூட்டாதயோனைப் பாதியளவுக்கு இறக்கிவிடுகிறது.

அறிக்கையில் வரும் எண்களை எப்படிப் படிப்பது

ஏஎல்டி, ஏஎஸ்டி ஆகிய நொதிகள் செல் உடைந்தால் வெளியே வருபவை. இரத்த அழுத்தம் விழுந்ததால் வரும் பாதிப்பில் அவை இயல்பின் மேல்வரம்பைப் போல 20 மடங்கைத் தாண்டுவது சாதாரணம். ஒன்று முதல் மூன்று நாளில் உச்சம் தொட்டு, ஓட்டம் சீரானால் வேகமாக இறங்கும். ஓரிரு வாரத்தில் இயல்புக்கு அருகே வரும். ஆயிரங்களில் எண் வந்ததைப் பார்த்துக் குடும்பத்தினர் பதறுவது புரிகிறது. ஆனால் உச்சத்தின் உயரத்தை விட, அடுத்த நாட்களில் அது எந்தப் பக்கம் போகிறது என்பதும், இரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐஎன்ஆர் அளவும்தான் கல்லீரல் வேலை செய்கிறதா என்று சொல்கின்றன. மாற்று சிகிச்சைக்குப் பின், ஏழாம் நாளில் பித்த நிறமியான பிலிருபின் டெசிலிட்டருக்கு 10 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தாலும், ஐஎன்ஆர் 1.6 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், முதல் வாரத்தில் ஏஎல்டியோ ஏஎஸ்டியோ 2,000-ஐத் தாண்டினாலும் தொடக்கச் செயல்குறைவு என்று வகைப்படுத்துகிறார்கள்.

நொதி எண் இறங்குவதற்கும் நோயாளி பிழைப்பதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை, ஆன்டிஆக்சிடன்ட் ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போதும் நினைவில் வைக்க வேண்டும். பல செய்திகள் ‘கல்லீரல் காக்கப்பட்டது’ என்று சொல்வது, எலியின் ஏஎல்டி 24 மணி நேரத்தில் குறைந்தது என்பதை மட்டுமே.

கடையில் கிடைக்கும் காப்ஸ்யூல்கள்

அறுவைக்குக் காத்திருப்பவர்கள் தாமாக ஆன்டிஆக்சிடன்ட் துணைமருந்துகளை எடுப்பதில் இரண்டு ஆபத்துகள் உறுதியாகத் தெரிந்தவை. அதிக அளவு வைட்டமின் இ இரத்தம் உறைவதைக் குறைக்கும். கல்லீரல் அறுவையில் அது நேரடியான பிரச்சினை. செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு, ஆன்டிஆக்சிடன்ட் என்றே விற்கப்படுவது, கல்லீரலையே காயப்படுத்தக்கூடும். அதன் முக்கியப் பொருளான ஈஜிசிஜி நாளுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் குறிப்பிட்டது. இப்படி எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால், பெயரையும் அளவையும் எழுதி, மயக்க மருத்துவரைச் சந்திக்கும் முதல் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். எதை, எத்தனை நாள் முன் நிறுத்துவது என்பதை அவர் சொல்வார்.